வில்சன் நோயும் மனச்சோர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டின் வழியே தேவைக்கு மேல் சேரும் தாமிரத்தைக் கல்லீரல்தான் பித்தநீரில் கலந்து வெளியே தள்ளுகிறது. அந்த வேலைக்கான ஏடிபி7பி என்ற மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்துவிட்டால் தாமிரம் முதலில் கல்லீரலிலும், பிறகு மூளை, கண் என்று பிற இடங்களிலும் தேங்கும். இதுதான் வில்சன் நோய். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் 5 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் வெளிப்படும். பரம்பரை வளர்சிதை மாற்ற நோய்களில் மாத்திரையாலேயே நெடுங்காலம் நலமாக வாழ வழியுள்ள வெகு சிலவற்றில் இது ஒன்று. ஆனால் மாத்திரையை வாழ்நாள் முழுக்க விடாமல் போட்டாக வேண்டும். மனச்சோர்வு முதலில் கைவைப்பது அங்கேதான். அதனால் கல்லீரலுக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கிற அதே கவனத்தை மனநிலைக்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இப்படி ஒரு நோய் வந்தால் யாருக்கும் கவலை வரத்தானே செய்யும்? அதை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

கவலையும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. மூளையில் தாமிரம் மிகுதியாகப் பாதிக்கும் இடம் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா. கை கால் அசைவைச் சீராக்குவதோடு ஊக்கம், ஆர்வம், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. 2003-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 23 வில்சன் நோயாளிகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் அடர்த்திக்கும் அவர்களுடைய மனச்சோர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரிந்தது. டோபமினை நார்அட்ரினலினாக மாற்றும் நொதிக்குத் தாமிரம் தேவை என்பதும் பழைய செய்திதான். ஆக, மனநிலையைத் தீர்மானிக்கும் வேதிப்பொருள்களுக்கு நடுவிலேயே இந்த நோய் வேலை செய்கிறது.

1912-ல் சாமுவேல் கின்னியர் வில்சன் இந்த நோயை விவரித்தபோதே மனநிலை மாற்றங்களையும் குறித்து வைத்தார். மனச்சோர்வு ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வருவதாக மருத்துவ நூல்கள் பரவலாகச் சொல்கின்றன. சில ஆய்வுகளில் இதைவிடவும் கூடுதல். சிலருக்கு மஞ்சள் காமாலையோ நடுக்கமோ தெரியும் முன்பே முகம் வாடி, படிப்பில் பின்தங்கி, எரிச்சல் கூடிவிடும். நோயின் பெயரே தெரியாத காலத்தில் வந்த சோர்வை, நோயைப் பற்றிய கவலை என்று சொல்ல முடியாது. "மனசைத் தேத்திக்கோ" என்ற ஆறுதல் இங்கே பலிக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

சாதாரண வருத்தமா, மனச்சோர்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், மனம் இருண்டு கிடப்பதும் பிடித்த விஷயங்களிலும் ஈடுபாடு அற்றுப்போவதும் அடிப்படை அடையாளங்கள். மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படுவது பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பொதுவாக 10-ஐத் தொட்டால் முழுமையான மனநலப் பரிசோதனை வேண்டும்.

வில்சன் நோயில் இந்தத் தாளை அப்படியே கூட்டிப் போட்டால் ஏமாறுவோம். தூக்கம், களைப்பு, பசி, கவனம், அசைவின் வேகம் பற்றிய ஐந்து கேள்விகளுக்குக் கல்லீரலாலும் நரம்புப் பாதிப்பாலும்கூட மதிப்பெண் ஏறும். மறுபக்கம், முகத்தசை இறுகி உணர்ச்சியே காட்டாத முகமும் மெல்லிய ஒற்றைத் தொனிக் குரலும் இந்த நோயில் சகஜம். உள்ளே நன்றாக இருப்பவரையும் சோகமானவர் என்று நினைக்க வைக்கும். முகத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் அவரிடமே கேட்க வேண்டும். ஈடுபாடின்மை, மன இருள், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு ஆகிய நான்கு கேள்விகளுக்கு (1, 2, 6, 9) வரும் பதில்களே இவர்களுக்கு அதிகம் நம்பத்தக்கவை. ஒன்பதாம் கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே பேசியாக வேண்டும்.

காரணமே இல்லாமல் அழுகிறார். சில சமயம் பொருத்தமில்லாத இடத்தில் சிரிக்கிறார். இதுவும் மனச்சோர்வா?

பெரும்பாலும் இல்லை. உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதை பாதிக்கப்பட்டால் அழுகையும் சிரிப்பும் தாமாக வெடித்துக் கிளம்பி, சில நொடியிலோ நிமிடங்களிலோ அடங்கும். "அப்போது நிஜமாகவே வருத்தமாக இருந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். குறைந்த அளவு எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்தே (மூளையில் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கும் மனச்சோர்வு மருந்து) இதற்குப் பலருக்குக் கைகொடுக்கிறது. துக்க வீட்டில் சிரித்துவிட்டு அவமானத்தில் வெளியே போவதையே நிறுத்துகிறவர்கள் உண்டு. அதனால் உறவினர்களிடம் இது நரம்புக் கோளாறு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சில நாளாக ஒரே மந்தம். பகலில் தூங்கி, ராத்திரி விழித்திருக்கிறார். மாத்திரையைக் கூட்டலாமா?

மனநல மாத்திரையைத் தொடும் முன் கல்லீரலைப் பாருங்கள். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு அம்மோனியா போன்ற நச்சுப் பொருள்கள் மூளையை எட்டிக் குழப்பம் உண்டாக்கும். பகல் இரவு தூக்கம் தலைகீழாவது, கூட்டல் கழித்தலில் தடுமாற்றம், பதில் சொல்லத் தாமதம், கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் விரல்கள் படபடவென்று விழுந்து எழுவது இவையெல்லாம் அதன் அடையாளங்கள். மலச்சிக்கல், ஏதாவது தொற்று, வயிற்றில் ரத்தம் கசிந்து கறுப்பாக மலம் போதல் ஆகியவை இதைத் தூண்டும். மனச்சோர்வு வாரக்கணக்கில் மெல்ல ஏறும். இது நாட்களில், சில நேரம் மணிக்கணக்கில் மாறும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் போன்ற மருந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் 'தூக்கம் வரவில்லை' என்று அல்பிரஸோலம், டயஸிபாம் வகை மாத்திரை போட்டுவிட்டால் நிலைமை மோசமாகும். இப்படி மந்தமானவரை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வில்சன் நோய்க்குப் போடும் மாத்திரையாலேயே மனச்சோர்வு வருமா?

மூன்று சந்தர்ப்பங்களைக் கவனிக்க வேண்டும்.

தாமிரத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமின் என்ற மருந்து உடலில் வைட்டமின் பி6-ஐக் குறைக்கும். செரட்டோனின் உருவாக அந்த வைட்டமின் தேவை. அதனால்தான் பெனிசிலமினோடு பைரிடாக்சின் (அதே பி6) தினம் 25 முதல் 50 மில்லிகிராம் எழுதித் தருகிறார்கள். 'சத்து மாத்திரைதானே' என்று குடும்பங்கள் செலவைக் குறைக்க முதலில் நிறுத்துவது இதைத்தான். நிறுத்தாதீர்கள், இந்தச் சிகிச்சையிலேயே மலிவான மாத்திரை அது.

மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், படிந்திருந்த தாமிரம் கிளம்பி நரம்புக் கோளாறு கொஞ்ச காலம் அதிகமாகலாம். குணமாக வந்த இடத்தில் பேச்சு இன்னும் குழறினால் எவருக்கும் நம்பிக்கை உடையும். இந்த ஆபத்தைக் குறைக்கவே பெனிசிலமினை 125 அல்லது 250 மில்லிகிராமில் தொடங்கி, சில நாட்கள் இடைவெளி விட்டு 250 வீதம் ஏற்றி, நாளொன்றுக்கு 1,000 முதல் 1,500 வரை கொண்டுபோகிறார்கள். அப்படி ஆகக்கூடும் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பயம் குறையும். சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தோல் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் வந்தால் அது வேறு விஷயம்: ஒவ்வாமை. உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பல ஆண்டுகள் கழித்து எதிர்த்திசையில் ஒரு சிக்கல் வரலாம். மருந்து அதிகமாகி உடலில் தாமிரமே போதாமல் போனால் ரத்தசோகை, வெள்ளை அணுக் குறைவு, கால் மரத்தல், கடும் அசதி எல்லாம் வரும். 'பழையபடி டிப்ரஷன்' என்று தள்ளிவிடாமல் ரத்த அணு எண்ணிக்கையும் 24 மணிநேரச் சிறுநீர்த் தாமிரமும் பாருங்கள். கூடவே தைராய்டு, பி12 அளவு.

தாமிரம் வெளியேறினால் மனச்சோர்வு தானாகப் போய்விடாதா?

சிலருக்கு நன்றாகவே குறைகிறது. ஆனால் நரம்பு அறிகுறிகள் தேற ஆறு மாதம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். மனநிலை அதோடு சேர்ந்தே தேறும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதுவரை காத்திருக்கச் சொல்வது தவறு என்றே நினைக்கிறோம். இரண்டு சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

எந்த மனச்சோர்வு மருந்து பாதுகாப்பானது?

வழக்கமாக முதலில் எடுப்பது எஸ்எஸ்ஆர்ஐ வகையைச் சேர்ந்த செர்ட்ராலின் அல்லது எஸ்சிடலோப்ராம். கல்லீரல் பாதித்தவருக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். செர்ட்ராலின் 25 மில்லிகிராம், எஸ்சிடலோப்ராம் 5 மில்லிகிராம் என்பது சாதாரணத் தொடக்கம். எஸ்சிடலோப்ராமைக் கல்லீரல் பாதிப்பில் 10-க்கு மேல் கொண்டுபோவதில்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம். முதல் வாரக் குமட்டலைப் பார்த்து நிறுத்திவிட்டால் பலன் தெரியும் முன்பே சிகிச்சை முடிந்துபோகும்.

டுலோக்ஸெடின், அகோமெலடின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இரண்டும் கல்லீரல் நோயில் கூடாது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் மருந்துகளில் வால்ப்ரோயேட்டும் கல்லீரலைத் தாக்கக்கூடியது. லித்தியம் கல்லீரலைத் தொடாது. ஆனால் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், பெனிசிலமினால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்குக் கவனம் தேவை. மண்ணீரல் பெருத்துத் தட்டணுக்கள் குறைந்தவருக்கும், உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்தவருக்கும் எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் ரத்தக்கசிவு ஆபத்தைச் சற்றுக் கூட்டும். எனவே தட்டணு எண்ணிக்கையும் எண்டோஸ்கோப்பி அறிக்கையும் மனநல மருத்துவரின் கைக்குப் போக வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு சோடியம் குறையலாம். மருந்து தொடங்கிய சில வாரங்களில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

மருந்தைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எப்போதாவது பல நாள் சேர்ந்தாற்போல் தூக்கமே இல்லாமல், அசதியும் இல்லாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் இருந்தாரா? வில்சன் நோயில் இருதுருவ மனநிலைக் கோளாறும் கூடுதலாகக் காணப்படுகிறது. அது தெரியாமல் மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை முதல் சில வாரங்கள் நெருக்கமாகக் கவனியுங்கள். படபடப்பும் தற்கொலை எண்ணமும் அந்தக் கட்டத்தில் கூடலாம்.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனப்பிறழ்வு மருந்துகளில் இவர்களுக்கு உடல் விறைத்துப்போகும் வாய்ப்பு அதிகம். மாயக்குரல் போன்ற தொந்தரவு இருந்து அப்படி ஒரு மருந்து தேவைப்பட்டால், குறைந்த அளவு க்வெடியாபின் போன்றவற்றைத் தேர்வார்கள்.

ஒருநாள் விட்டால் என்ன ஆகிவிடும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார். என்ன செய்ய?

ஒருநாள் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சிக்கலே அதுதான். விட்டதும் வலியோ நடுக்கமோ வராது. மாதங்கள் ஓடும். தாமிரம் மறுபடி சேர்ந்து, மருந்தை அடியோடு நிறுத்திய சிலருக்குக் கல்லீரல் திடீரென்று செயலிழந்திருக்கிறது. அப்போது பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்கினாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

மனச்சோர்வு உள்ளவர் மாத்திரையை மறப்பது பாதி, 'எதற்குப் போட்டு' என்று விடுவது பாதி. "போட்டியா, போட்டியா" என்ற விசாரணை முதல் பாதிக்கே உதவாது. நேரத்தை எளிதாக்குவது உதவும். பெனிசிலமினைச் சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்போ இரண்டு மணிநேரம் கழித்தோ போட வேண்டும். நம் வீடுகளில் இது உடைவது காலைக் காபியில். எழுந்ததும் காபி, பிறகு மாத்திரை, உடனே இட்லி என்றால் மருந்தில் கணிசமான பங்கு உடலில் சேராது. காலை 6 மணிக்கு எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை, 7 மணிக்குக் காபி, பிறகு பலகாரம். மாலை 4 மணிக்கு டீ, 6 மணிக்கு மாத்திரை, 7 மணிக்கு மேல் இரவுச் சாப்பாடு. இரண்டு வேளையாகப் பிரித்துத் தந்தவர்களுக்கு இந்த அட்டவணை ஒத்துவரும். மதியம் மூன்றாவது வேளை இருந்து அது கல்லூரியிலோ வேலையிலோ தவறிக்கொண்டே இருந்தால், இரண்டு வேளையாக மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்றுப்புண் ஜெலுசில் வகையும் பெனிசிலமினோடு சேரக் கூடாது. இரண்டு மணிநேர இடைவெளி வேண்டும். குடலிலேயே தாமிரத்தைத் தடுக்கும் துத்தநாகம் எழுதியிருந்தால் பெரியவர்களுக்குத் தினம் 150 மில்லிகிராம் தனிமத் துத்தநாகம், மூன்று வேளையாக, அதுவும் சாப்பாட்டோடு சேராமல். பெனிசிலமினும் துத்தநாகமும் ஒரே நேரத்தில் போனால் ஒன்றையொன்று முடக்கும். பெனிசிலமினைப் போலவே தாமிரத்தை வெளியேற்றும் ட்ரையன்டின் கேப்சூலைப் பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

'எதற்குப் போட்டு' என்கிற மறுபாதிக்கு மனச்சோர்வுச் சிகிச்சைதான் மருந்து.

மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்பதைப் பரிசோதனையில் பார்க்க முடியுமா?

24 மணிநேரச் சிறுநீர்த் தாமிரம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் சேகரிப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. காலையில் முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அதன் பிறகு ஒரு சொட்டும் விடாமல் ஆய்வகம் கொடுத்த பிளாஸ்டிக் கேனில் சேருங்கள். மறுநாள் அதே நேரத்தில் போகும் சிறுநீரையும் சேர்த்து முடியுங்கள். எவர்சில்வர் டம்ளர், சொம்பு எதிலும் பிடித்து ஊற்றக் கூடாது. உலோகம் பட்டால் கணக்கு கெடும். நடுவில் ஒருமுறை தவறவிட்டால் நாளை புதிதாகத் தொடங்குங்கள்.

பெனிசிலமினில் நிலைபெற்றவருக்கு 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை எதிர்பார்ப்பார்கள்; துத்தநாகம் மட்டும் சாப்பிடுகிறவருக்கு 75 முதல் 100-க்குள். பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் மாத்திரை போட்டவருக்கு இந்த எண் திடீரென்று எகிறும். பெனிசிலமின் எடுப்பவருக்கு 200-க்குக் கீழே இறங்கினால் இரண்டு அர்த்தம்: மாத்திரை போடவில்லை, அல்லது மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஒன்றுக்கு மாத்திரை ஒழுங்காகப் போக வேண்டும், மற்றதற்கு அளவு குறைய வேண்டும். நோயாளி உண்மையைச் சொன்னால்தான் எது என்று தெரியும். திட்டு விழும் வீட்டில் உண்மை வராது.

சாப்பாட்டில் என்னென்ன தவிர்க்க வேண்டும்? எதைச் சாப்பிட்டாலும் வீட்டில் தடை போடுகிறார்கள்.

ஆட்டு ஈரல், நண்டு, இறால், முந்திரி போன்ற கொட்டைகள், சாக்லேட், காளான். குறைந்தது முதல் ஓராண்டுக்கு இவை வேண்டாம். தாமிரம் கட்டுக்குள் வந்தபின் மருத்துவர் தளர்த்துவார். செம்புக் குடத்துத் தண்ணீர் என்றைக்கும் கூடாது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் தாமிரம் இறங்கும். சத்து மாத்திரை அட்டையின் பின்புறம் 'காப்பர்' என்று இருக்கிறதா பாருங்கள். பல மல்டிவைட்டமின்களில் இருக்கும். மது கண்டிப்பாகக் கூடாது.

அதற்கு மேல் இட்லிக்கும் சோற்றுக்கும் கணக்குப் பார்க்காதீர்கள். பத்தியத்தால் மட்டும் இந்த நோய் அடங்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோர் முன்னாலும் இலையிலிருந்து முந்திரியைப் பொறுக்கி எடுக்கிற அம்மாவின் அக்கறை புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த கல்யாணத்துக்கு வரவே மாட்டான்.

சித்த மருந்து, நாட்டு மருந்து எடுக்கலாமா?

தாமிர பற்பம், தாமிர செந்தூரம் போன்றவை தாமிரத்தாலேயே செய்யப்படுபவை. இந்த நோயில் அவற்றைத் தொடவே கூடாது. என்ன சேர்த்தது என்று தெரியாத எந்தச் சூரணமும் வேண்டாம்.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கேட்டால் நாமே நினைப்பூட்டியது போலாகாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த நிம்மதிதான் வருகிறது. வில்சன் நோயில் தற்கொலை முயற்சிகள் பொதுமக்களைவிடக் கூடுதல் என்பதால் கேட்டே தீர வேண்டும். தனியாக உட்கார்த்தி, "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று தெளிவாகக் கேளுங்கள். "ஆமாம்" என்றால், "எப்படின்னு யோசிச்சியா, எப்போன்னு யோசிச்சியா?" என்பதையும் கேளுங்கள். வழியும் நேரமும் மனத்தில் இருப்பவரைத் தனியே விடக் கூடாது. அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பூச்சிமருந்து, எலிமருந்து எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம். மாத்திரை முழுவதையும் இன்னொருவர் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கானதை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். வில்சன் மாத்திரையை வேண்டுமென்றே நிறுத்துவதும் தற்கொலை எண்ணத்தின் ஒரு வடிவமாக இருக்கக்கூடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இருபத்துநான்கு மணிநேரமும், தமிழிலும். சென்னையில் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. தற்கொலை முயற்சி நடந்திருந்தாலும் போலீஸ் கேஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தாமதிக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கொண்டு, தண்டிக்கக் கூடாது என்கிறது.

எனக்குக் கல்யாணம் ஆகுமா? குழந்தைக்கும் வருமா?

இளம் வயதினரை உள்ளுக்குள் அரிக்கும் கேள்வி இது. வாய்விட்டுக் கேட்பது குறைவு. கணக்கு அவர்கள் பயப்படுவதைவிட நல்லது. சொந்தத்துக்கு வெளியே மணந்தால், துணைக்குப் பழுதான மரபணு ஒன்று இருக்கும் வாய்ப்பு சுமார் 90-ல் 1. இருந்தாலும் அது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு பாதிதான். ஆக, குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 180-ல் 1. மாமன் மகளை மணந்தால் அது 8-ல் 1. நோயில்லாத அக்காவின் மகளை மணந்தால் 6-ல் 1. 'விஷயம் வெளியே தெரியாமல் சொந்தத்திலேயே முடிச்சிடலாம்' என்ற யோசனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் மாத்திரையையும் மறைக்க வேண்டியிருக்கும். மறைத்துச் சாப்பிடும் மாத்திரை சீக்கிரம் நிற்கும். சொல்லிவிட்டே செய்யுங்கள். கர்ப்பத்திலும் தாமிர மருந்தை நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பது மருத்துவர் முடிவு. கருத்தடைக்குக் காப்பர்-டி வேண்டாம். முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அது வருகிறதா என்று கூடுதலாகக் கவனியுங்கள்.

கூடப் பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டுமா?

அவசியம். ஒவ்வொருவருக்கும் 4-ல் 1 வாய்ப்பு. இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. ஆனாலும் வாழ்நாள் மாத்திரை. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று எளிதில் நிறுத்தக்கூடியவர்கள் இவர்கள். அண்ணனின் நிலையைத் தினம் பார்த்து, நாளை நமக்கும் இதுதான் என்று மருகுகிறவர்களும் இவர்களே. சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் அண்ணனுக்கு வந்தது தமக்கு வராது என்பதை அவர்களிடம் தனியாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

பேச்சே குழறுகிறது. கவுன்சலிங்கால் என்ன பயன்?

பேச்சுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் பயன் உண்டு. சொல்ல வருவதை ஃபோனில் டைப் செய்து காட்டலாம்; முதல் நாளே எழுதிக்கொண்டு போகலாம். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். சிந்தனையும் நடத்தையும் சார்ந்த சிகிச்சையில் மிக எளிய பகுதி செயலூக்கம்: மனம் வந்தால் செய்வோம் என்று காத்திருக்காமல், நேரம் குறித்துச் சின்ன வேலைகளைச் செய்வது. திங்கள் மாலை ஐந்தரைக்குத் தெருமுனை வரை நடை, புதன் ஒரு நண்பனுக்கு வாய்ஸ் மெசேஜ், சனி காய்கறி வாங்கி வருவது என்று வாரத்துக்கு மூன்று போதும். கை நடுங்குகிறவருக்கு எழுத்து வேலையும் டீ டம்ளர் ஏந்துவதும் வேண்டாம். தோற்க வாய்ப்புள்ள வேலையை முதல் வாரத்தில் வைக்கக் கூடாது.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கும் இளைஞருக்கு வில்சன் நோய் இருக்கலாம் என்று எப்போது சந்தேகிக்க வேண்டும்?

கையெழுத்து சிதைந்திருந்தால், எச்சில் வழிந்தால், பேச்சு மாறியிருந்தால், மனநல மருந்தின் சிறு அளவுக்கே உடல் விறைத்தால், ஈரல் நொதிகள் காரணமின்றி உயர்ந்திருந்தால். சிறு வயதில் மஞ்சள் காமாலை வந்து 'கீழாநெல்லியில் சரியாச்சு' என்ற கதையோ, கூடப் பிறந்தவர் காமாலையில் இறந்த கதையோ இருந்தால், அதுவும் பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களாக இருந்தால், கட்டாயம் பாருங்கள். ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் (20 மில்லிகிராமுக்குக் கீழே சந்தேகம், 10-க்குக் கீழே வலுவான சந்தேகம், ஒரு டெசிலிட்டர் கணக்கு), ஸ்லிட் லாம்ப் கண் பரிசோதனையில் கருவிழி ஓரத்தில் தாமிரம் படிந்த கெய்சர்-ஃப்ளைஷர் வளையம், 24 மணிநேரச் சிறுநீரில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் தாமிரம். இந்த மூன்றுக்கும் பெரிய மருத்துவமனை தேவையில்லை.

கல்லீரல் மாற்று அறுவைக்குப் பிறகு மனச்சோர்வு தீருமா?

புதிய கல்லீரல் தாமிரத்தைச் சரியாக வெளியேற்றும். மூளையில் ஏற்கெனவே ஆன பாதிப்பு உடனே மறையாது. மாற்றுக்குப் பின், புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும்கூட மனநிலையைக் குலைக்கலாம். மனச்சோர்வுக்கான மூலிகை என்று ஆன்லைனில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்து, மாற்றிய உறுப்பையே இழக்க வைத்துவிடும்; வாங்காதீர்கள்.

மனநல மருத்துவரை முதல்முறை பார்க்கும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், பைரிடாக்சின் உட்பட. கடைசி ஈரல் பரிசோதனை, தட்டணு எண்ணிக்கை, கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம், 24 மணிநேரத் தாமிரம், எண்டோஸ்கோப்பி அறிக்கை, மூளை எம்ஆர்ஐ. ஈரல் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் இருவரின் ஃபோன் எண்கள். கையெழுத்தை ஒப்பிட, நோய் தொடங்கும் முன் எழுதிய ஒரு பழைய நோட்டும் இன்று எழுதிய ஒரு பக்கமும். மனநிலை எந்த மாதத்தில் மாறியது, அப்போது எந்த மருந்து தொடங்கியது அல்லது நின்றது என்ற தேதிக் குறிப்பு. மாத்திரை விட்ட நாட்கள் இருந்தால் அவற்றையும் உள்ளபடியே அதில் எழுதுங்கள்.